பேட்ஜ் அக்காவின் நாற்பத்தோரு கடிதங்கள்

ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவரிடம் கேட்டால், மேசையில் மிஞ்சிய பேட்ஜ்களை எண்ணி, மொத்தத்தில் கழித்துச் சொல்வார். இருநூற்று எண்பதில் முப்பத்தொன்று மிச்சம், அப்படியென்றால் இருநூற்று நாற்பத்தொன்பது. சில நேரம் அத்தோடு நிறுத்தாமல், மிஞ்சியவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவார்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. இரண்டாம் மாடி, லிஃப்டை ஒட்டிய அறை. ஒரே ஒரு ஜன்னல், அதற்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடம். ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை, வெளியூர்க் கருத்தரங்குக்கான பயண நிதி, ‘நேர்காணலில் பேசுவது எப்படி’, ‘மூன்று நிமிடத்தில் உங்கள் ஆய்வு’ போன்ற பயிற்சிகள், வரவேற்பு நாள், வேலைவாய்ப்பு நாள், எல்லாமே இந்த அறையிலிருந்துதான் போகும். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த அறையின் முதல் மேசை அவருடையது. நிகழ்ச்சி வாசலில் கழுத்துப் பட்டியோடு பேட்ஜ் கொடுப்பவர் என்பதால் மாணவர்களுக்கு அவர் பேட்ஜ் அக்கா. உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும் இருப்பார்கள்.

கூட்டத்தைக் கையாள்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முன்னூறு பேர் சாப்பாட்டு மேசைக்குப் பாயும் நேரத்தில், “இடது பக்கம் சீக்கிரம் நகருது” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாதிப் பேரைத் திருப்பிவிடுவார். பேசிக்கொண்டே போகும் பேராசிரியரை நிறுத்த அவரிடம் ஒரு வழி இருக்கிறது. மேடைக்கு ஏறி, பேச்சாளரின் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பார். அதற்குள் ஓட்டம் அறுந்துவிடும்.

“அக்கா பாட்டிலை எடுத்தா ஆட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தம்” என்பார் அரங்கின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவர். எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன். பேட்ஜ் அக்காவைவிட நான்கு வயது இளையவர், ஆனாலும் அண்ணன்தான்.

டிராயரில் பூட்டப்பட்ட பேட்ஜ்களைப் பற்றி முதலில் கேட்டவரும் அவரே.

“வந்துட்டாங்களா உங்க ஆவி?”

“வாயை மூடிட்டு மைக்கைப் பாரு.”

“லிஸ்ட்ல இருக்கு, சாப்பாடு சொல்லியாச்சு, ஆளை மட்டும் காணோம். ஆறு வருஷமா இதே கதை. அந்தப் பொட்டலத்தை நான் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் இந்தத் தொப்பை.”

ஆவி என்று அவர் சொன்னது ஒரு மாணவியை. தேங்கிய நீரில் வளரும் புழுக்கள் கோடை வெயிலை எப்படித் தாங்குகின்றன என்று ஆராய்ந்தவள். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் புழு டாக்டர். அலுவலகம் எது நடத்தினாலும் வருவாள். பின்வரிசையில் உட்காருவாள், ஒரு கேள்வி கேட்பாள், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய்விடுவாள்.

“அக்கா, உங்க ஆபீஸ்ல இருந்து என்ன அழைப்பு வந்தாலும் என் கேலண்டர் தானாவே ‘வருகிறேன்’னு பதில் போட்டுடும். செட் பண்ணி வச்சுட்டேன்” என்று ஒருமுறை சொன்னாள்.

“எதைப் பத்தின கூட்டம்னு பாக்க மாட்டியா?”

“சாப்பாடு உண்டான்னு மட்டும் பார்ப்பேன்.”

அவள் படிப்பை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள். பழைய மாணவர் என்று பல்கலைக்கழகம் அவள் மின்னஞ்சல் கணக்கை மூடாமல் வைத்திருந்ததால், அந்தக் கேலண்டர் மட்டும் போகவில்லை. பேட்ஜ் அக்கா ஒவ்வொரு அழைப்பையும் அனுப்பிய அதே நொடியில் முதல் பதிலாக அது வந்து நிற்கும்: வருகிறேன். பதில் போட்டவர்களின் பட்டியலிலிருந்து பேட்ஜ் தானாக அச்சாகும். அந்தப் பெயரை நீக்க ஒரு சொடுக்கு போதும். அக்கா நீக்கவில்லை. நிகழ்ச்சி நாளில் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். ஒருமுறை பின்வரிசையில் அதே பச்சைப் பை, அதே கூன் விழுந்த உட்காரல். கையிலிருந்த பட்டியலை அப்படியே போட்டுவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார். திரும்பிய முகம் வேறு யாருடையதோ.

“ஏதாவது வேணுமா மேடம்?”

“ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டுட்டுப் போ.”

ஏன் இந்தப் பாடு என்பதற்கு ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆய்வின் கடைசி ஆண்டில் வழக்கமான உதவித்தொகை நின்றுவிடும். எழுதி முடிக்க ஓராண்டு வேண்டும், அதற்குக் கையில் எதுவும் இருக்காது. இவர்களுக்கென்று ஆண்டுக்கு ஏழு பேருக்கு மட்டும் நிறைவு உதவித்தொகை. அந்த ஆண்டு நாற்பத்தொரு விண்ணப்பம். தேர்வுக் குழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தது. பேட்ஜ் அக்கா மதிப்பெண் வரிசையில் பட்டியலிட்டார்: பெயர், துறை, மின்னஞ்சல், மதிப்பெண். கடைசியில் முடிவு. முதல் ஏழு வரிகளில் ‘ஆம்’, கீழே முப்பத்துநான்கு ‘இல்லை’. குழுவினர் கண்ணுக்கு முடிவு தனியாகத் தெரியட்டும் என்று, அதற்கு முன்னால் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக ஒரு கட்டம் விட்டார். அச்செடுத்தபோது அழகாக இருந்தது. டீன் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் அனுப்புமுன் பட்டியலை அகர வரிசைக்கு மாற்றினார். எப்போதும் செய்வதுதான். ஆனால் கணினி வெறுமையான கட்டத்தோடு பட்டியல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. பெயர்கள் இடம் மாறின. ‘ஆம்’களும் ‘இல்லை’களும் நின்ற இடத்திலேயே நின்றன. மாலை நாலு நாற்பதுக்கு நாற்பத்தொரு கடிதங்கள் போயின. அகர வரிசையில் முதலில் நின்ற ஏழு பேருக்கு வாழ்த்து. மற்றவர்களுக்கு, ‘தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாததற்கு வருந்துகிறோம்’.

மறுநாள் காலை பத்தரைக்கு, மதிப்பெண்ணில் முப்பத்தெட்டாவது இடத்தில் இருந்த மாணவர் இனிப்புப் பெட்டியோடு நன்றி சொல்ல வந்து நின்றார். அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். பட்டியலைத் திறந்தார். பார்த்த உடனே தெரிந்தது.

இருபது நிமிடத்தில் எல்லோருக்கும் திருத்தக் கடிதம் போனது. முந்தைய மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டாம், சரியான முடிவு கீழே. ஒவ்வொன்றிலும், படித்ததும் தமக்குத் தகவல் வருமாறு குறி போட்டார். நாற்பது பேர் படித்ததாகத் தகவல் வந்தது. சிலர் கத்தினார்கள், ஒருவர் அழுதார், இனிப்புக்காரர் பெட்டியைத் திரும்ப வாங்காமலேயே போனார். நாற்பத்தோராவது தகவல் வரவில்லை. இரண்டாம் இடம் பிடித்திருந்த புழு டாக்டர் அன்று காலை ஏழு மணிக்கே விடுதி அறையைக் காலி செய்திருந்தாள். விலகல் படிவத்தில் காரணம்: ‘சொந்த விருப்பம்’.

அவள் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தார் அக்கா. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. ‘அவசரத் தொடர்புக்கு: அண்ணன்.’ அதை டீனிடம் காட்டினார்.

“விதிப்படி மின்னஞ்சல்தான் அறிவிப்பு. நாம அனுப்பியாச்சு. வீட்டுக்கெல்லாம் போன் போட்டு ஏன் பெரிசு பண்றீங்க? அவங்களா படிப்பாங்க.”

பதினைந்து நாளில் அந்த இடம் காத்திருப்பில் முதலில் இருந்தவருக்குப் போனது. கடிதங்கள் மாறிப்போனதற்குக் கோப்பில் காரணத்தை டீன் சொல்ல, அக்காவே எழுதினார்: ‘கணினிப் பிழை’.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர். “படிச்சிருக்கும் அந்தப் பொண்ணு. படிச்சதுன்னு உனக்குத் தகவல் போகாம மறைச்சிருக்கும். கோபம் இருக்காதா? இதைவிட நல்ல இடத்துக்குப் போயிருக்கும். விடு.” அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். படித்திருப்பாள், தெரியும், வேண்டாமென்று போனாள். ஆறு ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டுதான் ஓடின. ஒவ்வொரு அழைப்புக்கும் அந்த ‘வருகிறேன்’ வரும்போது மட்டும் பிடி கொஞ்சம் நழுவும்.

போன மாதம் கணினிப் பிரிவு பழைய கணக்குகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து. பயண நிதி கேட்டு ஒரு மாணவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அக்காவின் திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்தது. புழு டாக்டரின் பெயர். ஆறு ஆண்டுக்கு முந்தைய கடிதத்தின் தலைப்பு. கீழே ஒரு வரி.

‘இக்கடிதம் படிக்கப்படாமல் நீக்கப்பட்டது.’

“மேடம், டிக்கெட் காப்பி ஒண்ணு போதுமா?”

அக்கா அந்த வரியை மறுபடி படித்தார். மாணவர் இரண்டாவது முறை கேட்டதும், எதற்கும் ரெண்டா வைங்க என்றார். அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு, பழைய விண்ணப்பக் கோப்பை எடுத்தார். அண்ணனின் எண் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“யாரு பேசறது?”

அக்கா சொன்னார்.

“தங்கச்சி படிச்ச இடமா? அவ விட்டு வந்து எத்தனை வருஷமாச்சு. எதுக்கு இப்ப?”

“ஒரு கடிதம் அவங்களுக்குப் போய்ச் சேரலைங்க. நேர்ல சொல்லணும்.”

“எங்க மேலயா, உங்க மேலயா தப்பு?”

“என் மேலதாங்க.”

அண்ணன் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் பெயரையும் தெருவையும் சொன்னார். “சனிக்கிழமை காலைல கூட்டம் இருக்காது. அவளை அழ வைக்காதீங்க. சொல்லிட்டேன்.”

மருந்துக் கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கண்ணாடிக் கடை. அக்கா தம் உண்மைப் பெயரில் நேரம் வாங்கியிருந்தார். உள்ளே திரை போட்ட சிறிய இருட்டறை, உயர நாற்காலி, முகத்துக்கு நேராக லென்ஸ்கள் அடுக்கிய கருவி. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் உள்ளே வந்தாள். உடம்பு கொஞ்சம் கூடியிருந்தது. கூன் அப்படியே.

“தாடையை இங்க வைங்க. நெத்தியை ஒட்ட வைங்க. எதிர்ல இருக்கிற எழுத்தைப் படிங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“ரொம்ப நேரமா கண்ணை மூடிட்டே இருக்கீங்க அக்கா.” லென்ஸை மாற்றியபடியே சொன்னாள். “பேட்ஜ் அக்காதானே? வாசல்லயே தெரிஞ்சுது. அண்ணனும் போன் பண்ணுச்சு. கண்ணாடி போட வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?”

அக்கா கருவியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே சொன்னார். அது வசதியாக இருந்தது. பட்டியல், நடுவில் விட்ட கட்டம், நாலு நாற்பது, இனிப்புப் பெட்டி, திருத்தக் கடிதம், திங்கட்கிழமை வந்த வரி. கருவிக்குள் இருந்த சின்ன விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

“எத்தனாவது இடம்?”

“ரெண்டாவது.”

“நாப்பத்தோரு பேர்ல?”

“ஆமாம்மா.”

“அண்ணன் நம்பர் ஃபார்ம்ல இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அவசரத் தொடர்புக்குன்னு போட்டிருந்துச்சு.”

அவள் சிரித்தாள். மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்பு. உடனே நின்றுவிட்டது.

“அந்த மெயிலைப் படிச்சப்ப எனக்குக் கோபமே வரலக்கா. நிஜமா. தேர்வுக் குழுல அத்தனை பேர் உக்காந்து படிச்சுப் பார்த்துட்டுத்தானே சொல்லியிருக்காங்க, நாம எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாதான்னு நினைச்சேன். பொட்டி கட்டிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன். அதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. முயற்சி பண்ணோம், நமக்கு அவ்வளவுதான்னு.” லென்ஸ் ஒன்றைத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். “நீங்க இறக்கி வச்சுட்டுப் போயிடுவீங்க. நான் இதை எங்கக்கா வைக்கிறது?”

அக்கா கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். விலகியவர்கள் ஏழு ஆண்டுக்குள் மறுபடி சேரலாம் என்று ஒரு விதி இருந்தது. இன்னும் பத்து மாதம் மிச்சம்.

“திரும்பச் சேரலாம்மா. நானே நின்னு எல்லாத்தையும் பாத்துக்கறேன்.”

“என் தொட்டியை என்ன பண்ணாங்க?”

“எந்தத் தொட்டி?”

“லேப்ல இருந்துச்சு. நாலு தலைமுறைப் புழு. ஒவ்வொரு தலைமுறையையும் ஒரு டிகிரி கூட்டிக் கூட்டிப் பழக்கி வச்சிருந்தேன். எந்த வெயிலுக்கும் சாகாது. நான் கிளம்பின அன்னைக்கே யாராவது சாக்கடைல கவுத்திருப்பாங்க.” படிவத்தை வாங்கவில்லை. “எங்கயாவது நல்லாத்தான் இருக்கும். விடுங்க.”

வெளியே வாடிக்கையாளர் யாரோ மணியை அழுத்தினார்கள். அவள் திரையை விலக்கி, ரெண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“என் இடம் யாருக்குப் போச்சு?”

“காத்திருப்புல முதல்ல இருந்தவருக்கு.”

“முடிச்சாரா?”

“முடிச்சார். இப்ப நம்ம யுனிவர்சிட்டிலயே பாடம் எடுக்கிறார்.”

“நல்லா எடுக்கிறாரா?”

அக்கா யோசித்தார். அவருக்கும் பேட்ஜ் கொடுத்திருக்கிறார். பெயர் தெரியும், என்ன சாப்பாடு என்றுகூடத் தெரியும்.

“தெரியலம்மா.”

“விசாரிச்சுச் சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்.” ஒரு தாளில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். “பவர் மாறியிருக்கு உங்களுக்கு. பக்கத்துல பாக்கறதுக்குத் தனியா ஒரு கண்ணாடி போடுங்க.”

திங்கட்கிழமை பேட்ஜ் அக்கா பழைய கோப்பை எடுத்து, ‘கணினிப் பிழை’ என்பதைக் கோடிட்டு அடித்து, பட்டியலை வரிசைப்படுத்தியதில் தாம் செய்த தவறு என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு டீனின் மேசையில் வைத்தார்.

“இதை இப்ப யார் கேட்டாங்க?” என்றார் டீன்.

“யாரும் கேக்கலை சார்.”

“அப்புறம் எதுக்கு? இது உங்களோட போகாது, என் கையெழுத்தும் அதுல இருக்கு.”

“இருக்கு சார்.”

டீன் கோப்பை மூடித் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து உதவித்தொகைக் கடிதங்கள் வேறு மேசைக்குப் போயின. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் வந்தது. பயிற்சிகளும் பேட்ஜும் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டார்கள், அதற்கு வேறு ஆள் கிடைக்காது.

வியாழக்கிழமை காலை பத்து மணி வகுப்பு. தரைத்தள அரங்கு, ஐம்பது இருக்கை, நாற்பத்துமூன்று பேர். எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. அக்கா ஒரு நோட்டோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டு வெளியே போன மைக் அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, இந்த வயசுல அட்மிஷனா?”

“போடா.”

காத்திருப்பிலிருந்து வந்தவர் உள்ளே நுழைந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் சாக்பீஸ் கறை. அக்கா அவரை இவ்வளவு கவனமாக இதற்குமுன் பார்த்ததில்லை. நன்றாக எடுக்க வேண்டும் என்று தாம் விரும்புவதை முதல் ஐந்து நிமிடத்திலேயே உணர்ந்தார். நன்றாக எடுத்தால் அந்த ஓராண்டு உதவித்தொகை வீண் போகவில்லை. உடனே எதிர்ப்பக்கமும் தோன்றியது: நன்றாக எடுத்தால் அந்தப் பெண்ணிடம் என்ன மிஞ்சும்?

அவர் திரையில் இருந்ததை அப்படியே படித்தார். இருபது நிமிடம் படித்தார். முன்வரிசையில் இருவர் குறிப்பெடுத்தார்கள், நடுவரிசையில் பலர் கைப்பேசியில் இருந்தார்கள். ஒரு மாணவி கையைத் தூக்கி ஏதோ கேட்டபோது திரையை விட்டு விலகிவந்து, பலகையில் படம் போட்டு, ஏழெட்டு நிமிடம் வேறு ஆளாகப் பேசினார். அந்த நேரத்தில் கைப்பேசிகள் கவிழ்ந்தன. பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்குப் போனார்.

அக்கா நோட்டில் எதுவும் எழுதவில்லை. கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தேடி, ‘நன்றாக எடுக்கிறார்’ என்று தட்டினார். அழித்தார். ‘மோசமில்லை’ என்று தட்டினார். அதையும் அழித்தார். வகுப்பு முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, ‘வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். சுமாராகத்தான் எடுக்கிறார்’ என்று அனுப்பினார்.

நாற்காலிகள் இழுபடத் தொடங்கின. பதில் வந்தது.

“சரிக்கா. நான் இதைவிட நல்லா எடுத்திருப்பேன்.”